அலமாரிச் சீட்டில் கிலோ விலையும் எழுதப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாநகரிலும் காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பகுதிகளிலும் கடந்த சில ஆண்டுகளில் பல்பொருள் அங்காடிகள் பெருகியிருப்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். ஒரே சாலையில் எதிரெதிரே இரண்டு அங்காடிகள் வந்துவிட்டால் போட்டியில் விலை தானாக இறங்கும், வாங்குபவருக்கு நன்மை கிடைக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். ஆனால் மாதச் சாமான் வாங்கப் புறப்படும் ஒரு குடும்பத் தலைவியிடம், துவரம் பருப்பு எந்தக் கடையில் மலிவு, கடலை எண்ணெய் எந்தக் கடையில் மலிவு என்று கேட்டால் அவரால் இன்று உறுதியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. கடைகளில் விலையைப் பெரிய எழுத்தில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விலை எத்தனை கிராமுக்கு உரியது என்பதுதான் கடைக்குக் கடையும் பொட்டலத்துக்குப் பொட்டலமும் மாறுகிறது. இரண்டு விலைகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதற்கான பொது அளவு இல்லாமல் போய்விட்டது. ஆகவே அங்காடிகள் ஒவ்வொரு பொருளுக்கும் விற்பனை விலையோடு அதன் கிலோ விலையையோ லிட்டர் விலையையோ அலமாரிச் சீட்டில் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தக் குழப்பம் எப்போது தொடங்கியது என்பதைச் சற்று விளக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளில் இரண்டாவது அட்டவணை என்ற ஒன்று இருந்தது. தானியம், பருப்பு, சமையல் எண்ணெய், காப்பித்தூள், தேயிலை, மாவு, ரவை, உப்பு, பிஸ்கட், சோப்பு முதலியவற்றை இன்னின்ன எடைகளில் பொட்டலமிட வேண்டும் என்று அது வரையறுத்திருந்தது. அதனால் எந்த நிறுவனத்தின் பொருளானாலும் பெரும்பாலும் கால் கிலோ, அரை கிலோ, ஒரு கிலோ என்ற கணக்கிலேயே கைக்கு வந்தது. இரண்டு பாக்கெட்டுகளின் விலையைப் பார்த்தவுடனே எது மலிவு என்று தெரிந்துவிடும். 2021-இல் அறிவிக்கப்பட்ட திருத்தம் அந்த அட்டவணையை நீக்கிவிட்டது. அதற்கு ஈடாக, ஒரு கிலோவுக்குக் குறைவான பொட்டலங்களில் ஒரு கிராமின் விலையையும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டவற்றில் ஒரு கிலோவின் விலையையும் அச்சிட வேண்டும் என்ற புதிய விதி வந்தது. எண்ணெய் போன்ற நீர்மப் பொருட்களுக்கு இதே முறையில் மில்லிலிட்டர், லிட்டர் விலை அச்சிடப்பட வேண்டும்.

நல்ல நோக்கத்துடன் வந்த விதிதான். ஆனால் நடைமுறையில் அது வாங்குபவருக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்ட விரும்புகிறேன். ஒரு நிறுவனத்தின் 500 கிராம் உளுந்துப் பொட்டலம் 98 ரூபாய் என்றும், இன்னொரு நிறுவனத்தின் 250 கிராம் பொட்டலம் 51 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவது கிலோ 196 ரூபாய், இரண்டாவது கிலோ 204 ரூபாய். கிலோவுக்கு எட்டு ரூபாய் வேறுபாடு இருக்கிறது. ஆனால் விதிப்படி அச்சிடப்படும் கிராம் விலையை இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்க வேண்டும் என்பதால், இரண்டு பொட்டலங்களிலும் கிராமுக்கு 0.20 ரூபாய் என்றே இருக்கும். 0.196 என்பதும் 0.20 ஆகிவிடுகிறது, 0.204 என்பதும் 0.20 ஆகிவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே அச்சிடப்படும் எண், ஒப்பிட வேண்டிய வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. தவிர, ஒரு கிராம் உளுந்தின் விலையை மனத்தில் வைத்துக்கொண்டு வாங்குபவர் யாரும் நம் ஊரில் இல்லை. பருப்பை நாம் கிலோவில் நினைக்கிறோம், மிளகையும் சீரகத்தையும் நூறு கிராமில் நினைக்கிறோம். அந்தப் பழக்கத்துக்குப் பொருந்தாத அளவில் எழுதப்படும் விலையை யாரும் படிப்பதில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பொட்டலத்தில் அச்சிடப்படும் கிராம் விலை, எம்.ஆர்.பி. என்று எல்லோரும் சொல்லும் அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து கணக்கிடப்படுவது. ஆனால் அங்காடிகளில் பருப்பும் எண்ணெயும் அந்த விலைக்கு விற்கப்படுவது அரிது. எம்.ஆர்.பி.யை மிக உயரத்தில் அச்சிட்டுவிட்டு, அதிலிருந்து முப்பது விழுக்காடு, நாற்பது விழுக்காடு தள்ளுபடி என்று சிவப்பு எழுத்தில் எழுதுவது இன்று பெருவழக்காகிவிட்டது. தள்ளுபடி எவ்வளவு என்பது எங்கிருந்து தள்ளினார்கள் என்பதைப் பொறுத்தது. 300 ரூபாய் என்று அச்சிட்டு 40 விழுக்காடு தள்ளினால் 180 ரூபாய். அருகிலுள்ள கடையில் அதே தரமுள்ள பருப்பு 190 ரூபாய் என்று அச்சிடப்பட்டு, தள்ளுபடி என்ற அறிவிப்பு ஏதுமின்றி 175 ரூபாய்க்குக் கிடைக்கக்கூடும். நாற்பது விழுக்காடு லாபம் என்ற நிறைவோடு முதல் கடையிலிருந்து வெளியே வருபவர் ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். சட்டப்படி இதில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

எண்ணெய் விஷயத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம் மட்டுமே. லிட்டரும் கிலோவும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் பலர் இருக்கிறார்கள். பல்பொருள் அங்காடியில் கடலை எண்ணெய் லிட்டர் 280 ரூபாய் என்றும், மரச்செக்கு எண்ணெய்க் கடையில் கிலோ 300 ரூபாய் என்றும் இருந்தால், அங்காடியில்தான் மலிவு என்று தோன்றும். 280 ரூபாயை 0.91-ஆல் வகுத்துப் பார்த்தால் அது கிலோ 307 ரூபாய்க்கு மேல் வருகிறது; அதாவது செக்கு எண்ணெயே மலிவு. போதாக்குறைக்கு, ஒரு லிட்டர் பாக்கெட்டைப் போன்ற உருவத்திலேயே 850 மில்லிலிட்டர், 800 கிராம் என்று பாக்கெட்டுகள் வந்திருக்கின்றன. வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும்போது அவற்றைப் பிரித்தறிய, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, திருப்பி, பொடி எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. முதியவர்களுக்கு அது இயலாத செயல்.

வெப்பநிலையையும் குறிப்பிட வேண்டும். வெயிலுக்குப் பெயர்போன நம் ஊரில் இது வேடிக்கையான செய்தி அல்ல. எண்ணெய் சூடானால் விரியும். எனவே ஒரு லிட்டர் என்று அளக்கும்போது வெப்பநிலை கூடுதலாக இருந்தால் எடை குறையும். 60 டிகிரி வரையிலான வெப்பநிலையைக் குறிப்பிட்டு சில நிறுவனங்கள் எண்ணெயைப் பொட்டலமிடுவதை 2022-ஆம் ஆண்டு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சுட்டிக்காட்டியது. சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் சுமார் 919 கிராமும், 60 டிகிரியில் சுமார் 893 கிராமும் இருக்கும் என்று அத்துறை விளக்கியது. வெப்பநிலையைக் குறிப்பிடாமல், அளவோடு சரியான எடையையும் சேர்த்து அச்சிடும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. ஆகவே எண்ணெய் வாங்குபவர்கள் லிட்டரைப் பார்க்காமல் அதன் கீழே உள்ள கிராமைப் பார்த்து ஒப்பிடுவதே நல்லது.

அரிசியில் வேறொரு கதை நடக்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான, பெயரும் விவரமும் அச்சிட்ட அரிசிப் பைகளுக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்படுகிறது. அந்த எல்லையைத் தாண்டினால் வரி இல்லை என்பதால் 26 கிலோ சிப்பங்கள் கடைகளுக்கு வந்தன. ஆரணி, களம்பூர் ஆலைகளின் அரிசியைப் பரம்பரையாகச் சாப்பிட்டுப் பழகிய நம் பகுதி மக்கள், சிப்பம் என்றால் 25 கிலோ என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 25 கிலோ சிப்பம் 1,500 ரூபாய், 26 கிலோ சிப்பம் 1,534 ரூபாய் என்றால், இரண்டாவதில் 34 ரூபாய் அதிகம் என்று கருதி முதலாவதை எடுப்பவர்களே பலர். கிலோவுக்குக் கணக்கிட்டால் முதலாவது 60 ரூபாய், இரண்டாவது 59 ரூபாய். சிப்பத்தின் விலையோடு கிலோ விலையையும் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தால் இந்தத் தடுமாற்றமே வராது. அரிசியில் பழையது, புதியது என்ற வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய அரிசி சமைக்கும்போது அதிகச் சோறு காணும் என்பதால், அதற்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது நட்டமாகாது. பொன்னி என்று பொதுவாக எழுதிவிட்டு, எந்த ஆண்டு அறுவடை என்பதைச் சொல்லாமல் விடும் கடையின் விலையை, பழைய அரிசி என்று உறுதி சொல்லி விற்கும் கடையின் விலையோடு ஒப்பிடுவது சரியாகாது.

தரம் பற்றிய இந்தக் கவனம் புளியிலும் உளுந்திலும் இன்னும் முக்கியம். கொட்டை எடுத்த புளி, கொட்டையுடன் கூடிய புளி என்று இரண்டு உண்டு. கொட்டையோடு வாங்கினால் கொட்டையின் எடைக்கும் ஓட்டுக்கும் நாருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். சீட்டில் ‘புளி’ என்று மட்டும் எழுதி, கிலோ விலையை முப்பது ரூபாய் குறைத்துக் காட்டினால் அது மலிவு ஆகிவிடாது. உளுந்திலும் முழு வெள்ளை உளுந்து, உடைத்த உளுந்து, தோல் உளுந்து என்று விலை வேறுபடும். இட்லி மாவுக்கு உளுந்து வாங்கும் எந்தப் பெண்ணுக்கும், மாவு பொங்கிவரும் உளுந்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது ஏன் என்பது தெரியும். ஆகவே ஒப்பிடுவது என்றால் ஒரே தரம், ஒரே நாள், ஒரே அளவு என்ற மூன்றும் பொருந்த வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும், தெருவில் இரண்டு பேர் ‘அந்தக் கடை மலிவு, இந்தக் கடை விலை’ என்று பேசிக்கொள்வதில் பொருள் இருக்காது.

அங்காடிகளின் சலுகைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குறிப்பிட்ட தொகைக்குமேல் பில் போட்டால் சர்க்கரையை மலிவு விலையில் தருவது, வாசலில் கண்ணில் படும் இடத்தில் எண்ணெயை அடக்க விலைக்கும் குறைத்து வைப்பது ஆகியவை எங்கும் உள்ள வணிக முறைகளே. அவற்றால் பயன்பெறுபவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சர்க்கரையிலும் எண்ணெயிலும் கிடைத்த ஆதாயம், உள்ளே தள்ளியிருக்கும் கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், தனியா, பெருங்காயம் ஆகியவற்றின் விலையில் திரும்பிப் போய்விடுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். அடிக்கடி வாங்கும் நாலைந்து பொருட்களின் விலைதான் மக்கள் நினைவில் நிற்கும்; கடைக்காரர்களும் அதை அறிவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கும் பெருங்காயத்தின் விலை சென்ற முறை என்ன என்பது யாருக்கு நினைவிருக்கும்? ஆகவே ஒரு கடையை மலிவான கடை என்று முடிவு செய்ய, சர்க்கரை விலை போதாது. ஒரு மாதச் சிட்டை முழுவதையும் அதே அளவு, அதே தரத்தில் இரண்டு கடைகளில் விலை போட்டுப் பார்க்க வேண்டும். சாமான்கள் அனைத்தும் ஒரே கடையில் மலிவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பருப்பு வகைகளும் மசாலாச் சாமான்களும் லாங்கு பஜார் மொத்தக் கடைகளில் குறைவாக இருக்கலாம், சோப்பும் பற்பசையும் அங்காடியில் குறைவாக இருக்கலாம், காய்கறி உழவர் சந்தையில் குறைவாக இருக்கலாம். ஆட்டோ வைத்துக்கொண்டு மூன்று இடங்களுக்கும் போனால் மிச்சம் ஆட்டோவுக்கே போய்விடும் என்பது உண்மை. பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் நடைமுறையில் இருப்பது இவ்விஷயத்தில் பெரிய உதவி. நேரமும் உடல்நலமும் இடம் கொடுப்பவர்களால்தான் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

நேரமும் கையில் ரொக்கமும் இல்லாதவர்களைப் பற்றியே எனக்கு மிகுந்த கவலை. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் வீட்டில் இருந்து பீடி சுற்றும் பெண்கள் வாரக்கூலி வாங்குபவர்கள். கூலி கைக்கு வரும் நாளில், நூறு கிராம் எண்ணெய், கால் கிலோ பருப்பு, ஐந்து ரூபாய் தேயிலைப் பாக்கெட் என்று வாங்குவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. சிறிய பொட்டலத்தின் கிலோ விலை பெரும்பாலும் பெரிய பொட்டலத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். வசதியுள்ளவர் ஐந்து லிட்டர் டின் வாங்கி லிட்டருக்குக் குறைந்த விலை கொடுக்கும்போது, வசதியற்றவர் அதே எண்ணெய்க்கு அதிக விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு அதிகம் என்பதுகூட அவருக்குத் தெரியாமல் இருப்பது அநீதி. தெரிந்தால், அக்கம்பக்கத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒரு பெரிய டின்னை வாங்கிப் பிரித்துக்கொள்ளவாவது முடியும். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இது கைவராத காரியமல்ல.

வேலூருக்கே உரிய இன்னொரு பிரிவினரும் இருக்கிறார்கள். மருத்துவத்துக்காக மேற்கு வங்கம், அசாம், ஜார்க்கண்ட், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து வந்து, மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கி, தாமே சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் அவர்கள். சிகிச்சைக்காகக் கடன் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் பலர். எத்தனை நாள் தங்குவோம் என்று தெரியாத நிலையில் எல்லாவற்றையும் சிறு பொட்டலமாகவே வாங்குகிறார்கள். ஊர் புதிது, மொழி புதிது என்பதால் இரண்டாவது கடையைத் தேடிப் போவதும் இல்லை. அவர்களுக்கு எண்கள் புரியும். அலமாரியில் கிலோ விலை எழுதியிருந்தால், தமிழ் தெரியாவிட்டாலும் அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுப்பார்கள். நம் ஊரை நம்பி வந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய நியாயம் இது.

அலமாரியில் ஒரு விலையும் பில்லில் ஒரு விலையும் வருவது அடுத்த தொல்லை. விலை மாறியதும் கணினியில் திருத்திவிடுகிறார்கள். அலமாரிச் சீட்டை மாற்ற மறந்துவிடுகிறார்கள். நாற்பது பொருள் வாங்கியவர், பின்னால் வரிசை நிற்கும்போது, ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துக்கொண்டிருக்க முடியாது. பில்லில் பொருளின் பெயர் ஆங்கிலத்தில், அதுவும் பாதியில் வெட்டப்பட்டு இருப்பதால், வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தாலும் எது எதற்கு என்று விளங்குவதில்லை. சீட்டில் உள்ள விலைக்கும் பில்லில் உள்ள விலைக்கும் வேறுபாடு இருந்தால் குறைந்த விலையையே பெற்றுக்கொள்வோம் என்று ஒவ்வோர் அங்காடியும் பணம் செலுத்தும் இடத்தில் எழுதி வைப்பது நேர்மையான வணிகத்துக்கு அழகு. அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவது மட்டும் எந்தக் காரணத்தாலும் சட்டத்துக்கு ஏற்றதல்ல. பாலுக்கும் குளிர்பானத்துக்கும் ‘கூலிங் சார்ஜ்’ என்று ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சேர்த்து வாங்குவதும் இதில் அடங்கும். இப்படிப்பட்ட புகார்களை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கட்டணமின்றித் தெரிவிக்கலாம்.

2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. குறைக்கப்பட்டது. சோப்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றுக்கு 18 விழுக்காட்டிலிருந்தும், நெய், வெண்ணெய்க்கு 12 விழுக்காட்டிலிருந்தும் 5 விழுக்காடாக வரி இறங்கியது. பழைய விலை அச்சிட்ட சரக்கில் புதிய விலைச் சீட்டு ஒட்டி விற்க அனுமதியும் தரப்பட்டது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகளைப் பொறுத்தவரை விலையை மாற்றாமல் எடையைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுவது நிறுவனங்களின் வழக்கம். வரிக் குறைப்பு தம் கைக்கு வந்து சேர்ந்ததா என்பதை அத்தகைய பாக்கெட்டுகளில் எடையைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கிலோ விலை எழுதப்பட்டிருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

கிலோ விலையை எழுதச் சொல்வது கடைக்காரர்களுக்குப் பெருஞ்சுமை என்று சிலர் கூறக்கூடும். விலைச் சீட்டுகளை இன்று கணினியே அச்சிடுகிறது. எடையும் விலையும் ஏற்கெனவே அதில் பதிவாகியிருக்கின்றன. வகுத்து இன்னொரு வரியைச் சேர்க்கும்படி ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 1998-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஆணை பிறப்பித்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2009-இல் வந்த விதியின்படி பெரிய அங்காடிகளுக்கு இது கட்டாயம். அவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. 1999-இல் மதுரையில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய உழவர் சந்தைகளில், இன்ன காய் கிலோ இன்ன விலை என்று அன்றன்று பலகையில் எழுதி வைக்கிறார்கள். நியாயவிலைக் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பதை எழுத்தறியாத பாட்டிகூடச் சொல்லிவிடுவார். அரசு நடத்தும் இடங்களில் இருக்கும் இந்தத் தெளிவு, குளிரூட்டப்பட்ட அங்காடியில் மட்டும் இல்லாமல் போவதற்கு எந்த நியாயமும் இல்லை. கூட்டுறவுத் துறையின் கற்பகம் போன்ற சிறப்பங்காடிகள் கிலோ விலைச் சீட்டை முதலில் தொடங்கினால், மற்ற கடைகளும் பின்பற்ற வேண்டிய நெருக்கடி வரும். வெளிச்சந்தை விலையைக் கட்டுக்குள் வைப்பதற்காகவே தொடங்கப்பட்டவை கூட்டுறவுப் பண்டகசாலைகள் என்பதால் இதை அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன்.

தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. மாவட்ட அளவில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இதைக் கவனிக்கிறது. மின்னணுத் தராசுகளுக்கு ஆண்டுதோறும் முத்திரையிடுவதையும், கூடுதல் விலைக்கு விற்பதையும் அவர்கள் ஆய்வு செய்வதைச் செய்திகளில் படிக்கிறோம். அங்காடிகள் தாங்களே பருப்பையும் சர்க்கரையையும் கட்டி, சொந்தச் சீட்டு ஒட்டி விற்கும் பொட்டலங்களையும் அவர்கள் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். பொட்டலமிட்டவர் பெயரும் முகவரியும், நிகர எடையும், பொட்டலமிட்ட மாதமும், விலையும் அவற்றிலும் இருந்தாக வேண்டும். நெகிழிப் பையின் எடையைச் சேர்த்து அரை கிலோ காட்டும் பொட்டலத்தை யாராவது ஒருவர் எடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டுமல்லவா? வாங்குபவர் தாமே சரிபார்த்துக்கொள்ள, முத்திரையிட்ட தராசு ஒன்றை ஒவ்வோர் அங்காடியிலும் பொது இடத்தில் வைக்கும்படி துறை அறிவுறுத்தினால் பாதிப் புகார்கள் எழவே எழாது.

தெருமுனை மளிகைக் கடைகளைப் பற்றி இரண்டு வரிகள் சேர்க்க விரும்புகிறேன். அங்காடியோடு ஒப்பிட்டு, அவர்களிடம் விலை கூடுதல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. மாதக் கடைசியில் கணக்கு எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பவர்கள் அவர்கள்தான். அரைக்கால் கிலோ கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துத் தருகிறார்கள். கேட்ட எடையைக் கண்ணெதிரே நிறுத்து, கிலோ விலையை வாயால் சொல்லி விற்பதால், நான் கேட்கும் தெளிவு அங்கே இயல்பாகவே இருக்கிறது. ஒப்பிடும் பட்டியலில் அவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழில் தங்கம், வெள்ளி விலை நாள்தோறும் வெளிவருகிறது. தங்கம் வாங்குபவர்களைவிடத் துவரம் பருப்பு வாங்குபவர்கள் பல மடங்கு அதிகம். வாரம் ஒருமுறை, வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை, ஆரணி ஆகிய ஊர்களில் அங்காடி, கூட்டுறவுக் கடை, மொத்த மளிகைக் கடை ஒவ்வொன்றில், ஒரே நாளில் சேகரித்த விலைகளைத் தாங்கள் வெளியிட வேண்டும். துவரம் பருப்பு, பாசிப் பருப்பு, முழு உளுந்து, கொண்டைக்கடலை, பொன்னி புழுங்கல், இட்லி அரிசி, சர்க்கரை, வெல்லம், கொட்டை எடுத்த புளி, காய்ந்த மிளகாய், தனியா, கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகிய பதின்மூன்று பொருட்கள் தொடக்கத்துக்குப் போதும். ஒவ்வொன்றும் கிலோ விலையாக இருக்க வேண்டும்; எண்ணெயும் கிலோவிலேயே இருக்கட்டும். பழையதா புதியதா, முழுசா உடைத்ததா என்ற தரக் குறிப்பும், விலை எடுத்த தேதியும் அருகில் இருக்க வேண்டும். எம்.ஆர்.பி.யையோ தள்ளுபடி விழுக்காட்டையோ குறிப்பிடத் தேவையில்லை. வாங்குபவர் கையிலிருந்து போகும் பணம் மட்டும் போதும். விலை தவறு என்று எந்தக் கடைக்காரராவது தெரிவித்தால், அதைச் சரிபார்த்து, அடுத்த வாரம் அதே பட்டியலின் கீழேயே திருத்தத்தை வெளியிடலாம்.

இப்படிக்கு,
வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.